உதவிக்கு நான்கு சொற்கள்

ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டு மனுவாகக் கொடுக்க வேண்டும். அரசு அலுவலகங்களில் இது பழைய விதி. பிற்காலத்தில் நானே இந்த விதியைச் சொல்லிப் பல மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அறுபதுகளில் என் மாமாவுக்கு அது தெரியாமல் போயிற்று.

மாமா சிதம்பரத்தில் வக்கீல் குமாஸ்தா. பத்திரம் எழுதிப் பழகிய கை. பத்திரத்தில் 'உரிமை' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. உரிமை, பாத்தியதை, சுதந்திரம் என்று மூன்றையும் அடுக்கினால்தான் ஓட்டை அடைபடும்.

அந்த வருஷம் கெடிலத்தில் வெள்ளம் வந்து, கடலூரில் என் சித்தியின் மண்வீடு கரைந்துபோனது. சித்தப்பா முன்பே இறந்திருந்தார். சித்தி எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். மனை, சித்தப்பாவும் அவர் அண்ணனும் பாகம் பிரிக்காதது. வீடு நின்றால்தான் அவளுக்கு அங்கே இடம். "அடுத்த மழைக்குள்ள நீ சுவரு வைக்கலன்னா நான் மாட்டுக்கொட்டாய் போட்டுக்குவேன்" என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டார்.

சுவர் எழுப்ப அரசாங்கத்திடம் உதவி கேட்டு மாமா ஆங்கிலத்தில் மனு எழுத உட்கார்ந்தார். பக்கத்தில் நான் பள்ளிப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். 'ஹெல்ப்' என்ற பெயர்ச்சொல்லின் பொருளும், அதே பொருள் தரும் வேறு சொற்களும்: எய்டு, அசிஸ்டன்ஸ், ரிலீஃப். மாமாவின் பேனா நின்றது.

"இன்னொரு தடவ சொல்லு புள்ள."

நான்கும் மனுவில் ஏறின.

"ஒத்தாசைன்னு ஒண்ணு எழுதுனா போதாதாண்ணா?" என்றாள் சித்தி.

"ஒண்ணு எழுதுனா அதை இல்லன்னுடுவான். நாலு எழுதுனா எதை இல்லம்பான்?"

"மனுவா மச்சான் இது? பந்தியில்ல பரிமாறுறீங்க" என்றார் அப்பா. மாமா சித்தியிடம் கையெழுத்து வாங்கி மனுவைக் கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அகராதியில் அந்த நான்கும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. கடலூர் அலுவலகத்தில் ரிலீஃப் என்றால் வெள்ளம் பார்க்கும் பிரிவு. எய்டு, ஆதரவற்றோர் பிரிவு. அசிஸ்டன்ஸ், வீட்டுக் கடன். ஹெல்ப்புக்குப் பிரிவே கிடையாது. மற்றப் பிரிவின் கருத்து வந்தபின் பரிசீலிக்கலாம் என்று ஒவ்வொரு பிரிவும் எழுதி மனுவை அடுத்த மேசைக்கு அனுப்பியது. யாரும் விதியை மீறவில்லை. மாமா ரயிலேறிப் போய்க் கேட்டார். "இங்க இல்ல சார், பக்கத்து செக்‌ஷன்" என்று எல்லா செக்‌ஷனிலும் சொன்னார்கள்.

சித்தி தபால்காரர் வரும் நேரம் பார்த்துத்தான் வாசலைப் பெருக்குவாள். ஆடி போனது. புரட்டாசியில் கடலூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மனையில் மூங்கில் வந்து இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

அதன் பிறகுதான் பதில் வந்தது. மாமா உரக்கப் படித்தார். கோரப்பட்டுள்ள நான்கில் மனுதாரருக்குத் தேவைப்படுவது எது என்று தெரிவிக்க வேண்டுமாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரசாங்கமே என் பாடத்திலிருந்து கேள்வி கேட்கிறது, விடை எனக்குத் தெரியும்.

"நாலுக்கும் ஒரே அர்த்தம்தான் சித்தி!" என்று கத்தினேன்.

சித்தி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாடு கட்டியாச்சாம் புள்ள" என்றாள்.

நான் அர்த்தத்தைச் சொன்னால் இவள் ஏன் மாட்டைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று ஐப்பசி ஐந்தாம் தேதி; மழைக் கெடு தாண்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது.