முதல் பிரைமர் மட்டும் நல்லது

நினைவு தடுமாறுகிறவர்களோடு வாதாடக் கூடாது. டெல்மா சேயர் தன் வேலையில் கற்ற முதல் பாடம் அதுதான். ஓஹாயோவின் தென்கிழக்கு மலைப்பக்கத்தில், முதலில் ஒரு முதியோர் இல்லத்திலும் பிறகு வீடு வீடாகவும் போய், முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புண்ணுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்தவள் அவள். கார் ஓட்டத் தகுதியில்லாமல் போன ஒரு மனிதரிடம் சாவியைக் கேட்டு அவரை அழவைப்பதைவிட, பேட்டரி வயரைக் கழற்றி விட்டு, வண்டி பழுது, மெக்கானிக் வரட்டும் என்று சொல்லிவிடலாம். மெக்கானிக் வரவே மாட்டான். அவரும் நாளடைவில் மறந்துவிடுவார். தன்னிடம் வேலை பழகிய இளம் பெண்களுக்கும் டெல்மா இதையே சொல்லிக்கொடுத்தாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. கட்டிலிலிருந்து விழாமல் இருக்கப் பக்கத்தில் கம்பி வைப்பதில்லையா, அப்படி ஒன்று என்றே நினைத்தாள்.

அந்த வித்தையைத் தன் புருஷனிடமே காட்டும் நாள் வந்தது.

வெர்லின் சேயர் ஊர்ச் சாலைகளில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். பேச்சு குறைவு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பெருமை உண்டு. அவன் துப்பாக்கி ஒருமுறைகூட வெடிக்காமல் போனதில்லை. ஜனவரியில் சில நாட்கள், குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இறக்கிச் சுடும் துப்பாக்கிக்காரர்களுக்கென்று மான் வேட்டை திறக்கும். அவன் அப்பாவின் துப்பாக்கியில் சுத்தியல் பக்கவாட்டில் இருந்தது. நெருப்பு ஒரு மூலை திரும்பித்தான் மருந்தைத் தொட வேண்டும். பனிக்காலத்தில் பாதி வழியில் அணைந்து போகும். வெர்லினுடையது புதுவகை. பின்பக்கத்தை மடக்கித் திறந்து, குழலுக்கு நேர் பின்னால், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் குப்பி ஒன்றை விரலால் அழுத்தி வைக்க வேண்டும். அதுதான் பிரைமர். விசையை இழுத்தால் ஊசி அதைக் குத்தும். அதன் நெருப்பு ஊசித்துளை வழியாக நேரே மருந்துக்குள் பாயும். வண்டியில் ஏறும்போது பிரைமரை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மருந்தும் குண்டும் உள்ளேயே இருந்தாலும் அது காலித் துப்பாக்கி என்றுதான் அங்கே கணக்கு.

அவன் கூட்டாளி ராய்ஸ் பிகட்டுக்கு, துப்பாக்கி தவறாமல் வெடிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. இளவயதில் ஒருமுறை, எண்ணெய்ப் பசையைச் சரியாகத் துடைக்காமல் மருந்து இறக்கி, பெரிய கொம்பு மான் ஒன்று எதிரே நிற்கும்போது வெறும் 'கிளிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டான். அன்றைக்கு வெர்லின் வைத்த பெயர்தான் கிளிக். தபால்காரர்கூட அவனைக் 'கிளிக்' என்றுதான் கூப்பிடுவார். ராய்ஸ் சிரித்துக்கொண்டே அதைச் சுமந்தான். உனக்கும் ஒருநாள் வரும்டா என்று மட்டும் அவ்வப்போது சொல்வான்.

வெர்லினுக்கு நினைவு நழுவத் தொடங்கியது இலையுதிர் காலத்தில். பேத்தி பெயர் போயிற்று. அடுப்பை அணைக்க மறந்தான். டாக்டர் பரிசோதனை முடித்து, துப்பாக்கி வேண்டாம் என்று டெல்மாவிடம் தனியாகச் சொன்னார். அதற்கு முந்தின வாரம்தான் வெர்லினிடமிருந்து மர அறுவை இயந்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். கொடுத்துவிட்டு, கொட்டகை வாசலில் நின்று அவன் அழுதான். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அழுது பார்த்தவள்தான் அவள். இவன் அழுதபோது நிற்க முடியாமல் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். இன்னொரு தரம் அதைப் பார்க்கத் தெம்பில்லை. வெர்லின் நல்லதுக்காக என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது, பாதிக்கு மேல் அவள் நல்லதுக்காகத்தான்.

எண்ணெய் பட்டால் பிரைமர் செத்துப்போகும் என்பதை வெர்லினே பல தடவை சொல்லியிருந்தான். துப்பாக்கியைத் துடைத்த கையோடு பிரைமர் டப்பாவைத் தொட விடமாட்டான். அரைகுறையாய்ச் செத்தது முழுதாய்ச் செத்ததைவிட மோசம் என்றும் சொல்லியிருப்பான். அந்தப் பகுதி டெல்மாவின் காதில் ஏறவில்லை. அவன் முடிவெட்டப் போயிருந்த மதியத்தில், துரு நீக்கும் எண்ணெயை ஒரு ஜாடி மூடியில் ஊற்றி, அவன் சட்டைப்பை டப்பாவிலிருந்த பிரைமர்களை ஊறப்போட்டாள். பிறகு காகிதத் துண்டால் ஒற்றித் துடைத்து, குழிகளில் திரும்ப வைத்தாள்.

முதல் குழியில் மட்டும் நல்லது ஒன்றை வைத்தாள். ஏனென்றால், மருந்து இறக்குமுன் வெறும் துப்பாக்கியில் ஒரு பிரைமரை வெடித்து, துளையில் தங்கிய பசையை எரித்துவிடுவது அவன் வழக்கம். டப்பாவில் எப்போதும் இடது ஓரத்திலிருந்துதான் எடுப்பான். அந்த முதல் பிரைமர் வெடிக்காவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து காலம் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அந்த மதியம் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தினாள். திருப்தியாகக்கூட இருந்தது.

வேட்டைக்குப் போனவர்கள் மதியத்துக்கு முன்பே திரும்பினார்கள். வெர்லின் மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியைப் பிரித்தான். ராய்ஸ் சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான், ஆனால் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"டெல்மா, இன்னைக்கு உன் புருஷன் என்னக் கொல்லப் பாத்தான். அப்புறம் அவனே காப்பாத்தியும் விட்டான்."

நடந்ததை அவனே சொன்னான். கிளைகளை வெட்டி அடுக்கிய மறைவுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் மான் ஒன்று சரிவில் இறங்கி வந்தது. வெர்லின் விசையை இழுத்தான். கிளிக். அவ்வளவுதான். இத்தனை வருஷம் காத்திருந்த ராய்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமே அந்தப் பேரு உனக்குத்தான்டா என்று சொல்லிக்கொண்டே எழுந்து, மறைவைத் தாண்டி முன்பக்கமாக இறங்கக் காலைத் தூக்கினான். வெர்லின் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. குழலை அசைக்கவில்லை. உட்காரு என்றான். அந்தக் குரலைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது என்றான் ராய்ஸ். உட்கார்ந்தான். மூச்சு வாங்குவதற்குள் துப்பாக்கி வெடித்தது. அவன் இறங்கியிருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போன குண்டு, அப்பாலிருந்த பனியைக் கிழித்து மண்ணைக் கிளப்பியது.

அரைகுறையாய்ச் செத்த பிரைமர் தாமதித்தும் வெடிக்கும், அதனால் வெடிக்காத துப்பாக்கியைச் சுட்ட திசையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பேத்தியின் பெயரை மறந்த மனிதன் அதை மறக்கவில்லை. டெல்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பயந்தது அவன் புத்தியைப் பார்த்து. அது சரியாகத்தான் இருந்தது. ராய்ஸைக் கொல்லப் பார்த்தது அவள் செய்து வைத்த பாதுகாப்பு.

"ஈரம் பட்டிருக்கு," என்றான் வெர்லின். "நான்தான் பாக்காம விட்டுட்டேன்." துடைத்த துப்பாக்கியைச் சேர்த்துப் பூட்டி ராய்ஸ் பக்கம் தள்ளினான். "இத நீ எடுத்துட்டுப் போ. நான் இதுக்கு லாயக்கில்ல."

அவள் விரும்பியது அதேதான். வீட்டில் துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை, அழுகை இல்லை. அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் சனிக்கிழமைதோறும் காலைச் சாப்பாடு உண்டு. சுடச்சுட ரொட்டி, தொத்திறைச்சி போட்ட வெள்ளைக் குழம்பு, முட்டை. வெர்லினுக்கு அங்கே ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அந்த வாரம் அவன் உள்ளே நுழைந்ததும் நாலு பேர் சேர்ந்து, வா கிளிக் என்றார்கள். விளையாட்டுத்தான். அவன் தட்டை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை தொப்பியை எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஏன் போகலை என்று கேட்டால், ராய்ஸக் கொன்னிருப்பேன், அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது என்பான். சாப்பாடு பாதியாயிற்று. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியிலேயே கிடந்தான்.

ஒரு காலையில், முட்டைத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு டெல்மா நின்றபடியே சொன்னாள். ஈரம் இல்ல வெர்லின், நான்தான் எண்ணெயில ஊறப்போட்டேன்.

புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கத்துவான் என்று எதிர்பார்த்தாள்.

"முதல் ஒண்ணு நல்லா வெடிச்சுதே," என்றான்.

"அத மட்டும் நல்லதா வச்சேன்."

அவளை வெகுநேரம் பார்த்தான். பழக்கமில்லாத ஆளைப் பார்ப்பது போல.

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, டெல்மா."

அது உண்மைதானா என்று அவளுக்குத் தெரியாது. அன்று மாலை டிரக் சாவியைக் கேட்டுப் பார்த்தாள். என்ன, ஏது என்று கொஞ்சம் முனகினான். பிறகு வளையத்திலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பினான். கண் கலங்கியிருந்தது, ஆனால் கொடுத்துவிட்டான். அந்தச் சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் அதைச் சமையலறையிலும் படுக்கையறையிலுமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் அவனுக்கு எதுவும் நினைவில்லை. அவள் சொன்னது போய்விட்டது, அவமானம் மட்டும் அப்படியே இருந்தது. ஈரம் பட விட்டுட்டேன், ராய்ஸக் கொன்னிருப்பேன். மறுபடி சொன்னாள். மறுபடி அதே பார்வை, அதே கேள்வி, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. இன்னொரு நாளும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அது புது அடி. புண்ணை ஆற விடாமல் தினமும் கட்டைப் பிரித்துப் பார்க்கிற நர்ஸை அவள் வேலையிலிருந்து அனுப்பியிருப்பாள். மறக்கிறவனிடம் சொல்லிப் பயனில்லை. மறக்காதவர்களிடம்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை வெர்லினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். எண்ணெய் மினுக்கும் மிச்சப் பிரைமர்களோடு அந்த டப்பாவை ராய்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள், டாக்டர் சொன்னது, வெர்லின் அழுதது என்று. அங்கே நின்றதும் அதெல்லாம் சாக்காகத் தெரிந்தது. விட்டுவிட்டாள்.

"வெர்லின் துப்பாக்கில ஈரம் இல்ல. இதுல நான் எண்ணெய் விட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

ராய்ஸ் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"நான் காலைக் கீழ வச்சிருந்தேன்னா?"

"செத்திருப்ப."

"அன்னைக்கு உன் சமையல்கட்டுல உக்காந்து இவ்வளவும் சொன்னேன். நீ எனக்குக் காபி ஊத்தின."

"ஆமா."

"அவன் பக்கத்துல உக்காந்திருந்தது நான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டெல்மா. நானே வாங்கி வச்சிருப்பேனே. அவனும் குடுத்திருப்பான்."

அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேரின் தாய் தகப்பனை அவள்தான் கடைசியில் கழுவித் துடைத்தவள். எந்த வீட்டில் எதைக் கழற்றி விட்டாளோ என்று இப்போது அவர்கள் யோசிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. யோசிப்பதும் நியாயம்தான். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலியை இழுக்கவில்லை. ராய்ஸ் டப்பாவை மூடித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஆறிப்போன குழம்பைக் கிளறத் தொடங்கினான். அவள் வந்த வழியே வெளியே போனாள்.

அடுத்த சனிக்கிழமை காலை வாசலில் ராய்ஸின் டிரக் ஹாரன் அடித்தது. முன்பெல்லாம் உள்ளே வந்து ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். அன்று எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "ஏய் வெர்லின், வாடா, உன் நாற்காலிய எவனாவது பிடிச்சிரப் போறான்," என்று கூப்பிட்டான். டெல்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. வெர்லின் தயங்கினான், தொப்பியைத் தேடினான், போனான்.

திரும்பி வந்தபோது அவன் மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அது ஈரமே இல்லையாம், தெரியுமா? எவனோ என் பிரைமர்ல எண்ணெய விட்டிருக்கான். நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேனாம். ராய்ஸ் எல்லார் முன்னாடியும் சொன்னான். கிளிக்குன்னா நான்தான்டா, என் பேர நீ எடுத்துக்காதங்கிறான்."

"யார் விட்டதுன்னு சொன்னானா?"

"கேட்டேன். எவனும் வாயத் தொறக்கல."

டெல்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"நான்தான், வெர்லின்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இந்தத் தடவை அந்த வேற்றாள் பார்வை வரவில்லை. சிரித்துவிட்டான்.

"போடி. நீயா இருந்தா எங்கிட்ட நேரா கேட்டிருப்ப."

அவள் மறுபடி வாயெடுத்தாள். அவன் காலை நீட்டினான், பூட்ஸைக் கழற்றிவிடு என்று. குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். பனி ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. வெகுநேரம் அவள் தலையை நிமிர்த்தவில்லை.