நிச்சயதார்த்தப் படத்தில் நின்ற அம்மா

மாமனாரின் இத்தாலிய கேமராவை அலமாரியிலிருந்து எடுத்தது நான்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி. மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்கவேண்டும். ரயில்வேயில் இருந்த காலத்தில் யாரிடமோ வாங்கினாராம். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அது பல வருஷமாகச் சும்மா கிடந்தது. உள்ளே பாதி பிலிம் மிச்சம் இருந்தது.

“எடுத்து முடிச்சிரும்மா, வீணாத்தானே கெடக்குது,” என்றார்.

அந்த வாரம் கிள்ளானில் அண்ணியின், அதாவது என் கணவருடைய அக்காவின், மகளுக்கு நிச்சயதார்த்தம். குனிந்து பார்த்தேன், எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. பெண்ணை நடுவில் கொண்டுவர நான் கேமராவைத் திருப்பத் திருப்ப, அவள் இன்னும் ஓரத்துக்குப் போனாள்.

“மாமி, சீக்கிரம்லா! சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது!”

அவசரத்தில் அழுத்திவிட்டேன்.

பிலிமைக் கழுவித் தந்த கடையில் இருந்த சீனப் பெண் ஒரு படத்தைத் தனியாக எடுத்துக் காட்டினாள். தட்டோடு நிற்கும் எங்கள் பெண்ணின் தோள் பக்கத்தில், புகைபோல இன்னொரு பெண். கொண்டை, சேலைத் தலைப்பு, பாதி முகம். யாரோ எப்போதோ எடுத்துவிட்டு பிலிமைச் சுற்றாமல் விட்டிருக்கிறார்கள், அதன் மேலேயே நீங்கள் எடுத்திருக்கிறீர்கள் என்று விளக்கினாள்.

கிள்ளானில் அந்த விளக்கம் எடுபடவில்லை. படத்தைப் பார்த்ததும் அண்ணி அழுதுவிட்டார்.

“டேய், அம்மாடா! பேத்தி நிச்சயத்துக்கு வந்திருக்காங்கடா!”

என் கணவரும் உற்றுப் பார்த்தார். “ஆமாக்கா, அம்மா கொண்டைதான்.”

மாமியார் இறந்து எட்டு வருஷமாகிறது. மாமனார் கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

“உங்கம்மா இல்ல.”

“பின்ன யாருப்பா?”

“தெரியலையே.”

வயசாகிவிட்டது, ஞாபகம் போய்விட்டது என்று அண்ணி முடிவு செய்தார். படம் பெரிதாகி, சட்டத்துக்குள் அவர் வீட்டுச் சாமி அறைக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது மாமனார் கேட்டார்: “அந்தப் படம் எனக்கு ஒண்ணு கெடைக்குமாம்மா? நம்ம பொண்ணு இல்லாம, அந்த அம்மா மட்டும்?”

பிரிக்க முடியாது என்றேன். அப்படியே இருந்தாலும் பரவாயில்லை என்றார். பிரதி எடுத்துக் கொடுத்தபோது, கூடத்தில் மாட்டியிருந்த மாமியார் படத்தைக் காட்டி, “மாமா, அது யாரு?” என்று கேட்டேன். அவர் ஞாபகத்தைச் சோதிக்கிறேனே என்று கேட்டதும் வெட்கமாகப் போயிற்று.

“உங்க அத்தை. இதென்னம்மா கேள்வி?”

“அப்ப இது?”

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “எடுத்தது நான்தான். வெயில்ல நிக்கச் சொன்னேன், அது நெனப்பிருக்கு. யாருன்னுதான் வரமாட்டேங்குது.”

மறந்தாரா, மறைத்தாரா? அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணவரிடம் இதைச் சொல்லவும் இல்லை.

கிள்ளானில் வெள்ளிதோறும் அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறார்கள். போகும்போதெல்லாம், கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல், தூக்கிய கையை நெஞ்சுவரை கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன்.