இடது காதுப் பாட்டு

என் அண்ணனுக்கு இடது காது கேட்காது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு காய்ச்சல் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டில் அது துக்கமாக இல்லை, பழக்கமாகிவிட்டிருந்தது. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் வலப்பக்கம் போய் நின்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்குத்தான் உலகத்திலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற ஒரு குழுவைப் பிடித்துப்போனது.

அவன் நந்தனத்தில் கல்லூரியில் சேர்ந்த புதிது. கூடப் படிக்கிற யாரோ ஒருவன், தீப்பெட்டி அளவிலிருந்த எம்பி3 பிளேயரில் அந்தப் பாட்டுகளை நிரப்பிக் கொடுத்திருந்தான். பவர் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர். பாடியவர்கள் ஏதோ பனி கொட்டும் தேசத்துக்காரர்கள், ஐந்து பேர், ஐந்து பேருக்கும் அம்மாவுக்கு இருப்பதைவிட நீளமான தலைமுடி. அவர்களுடைய படம் ஒன்றை அண்ணன் பீரோவில் ஒட்டினான். மேலே அந்த ஐவர். கீழே, இறக்கை முளைத்த வீரன் ஒருவன் வாளோடு ஒரு டிராகனை மிதித்துக்கொண்டு நிற்பான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போகிற வயதில் பிள்ளைக்கு, சாத்தானை மிதித்து நிற்கிற வானதூதர் மிக்கேல் சம்மனசு மேல் பக்தி வந்திருக்கிறதே என்று பூரித்துப்போனாள். சனிக்கிழமைதோறும் அந்தப் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்தாள். முடிக்காரர்கள் ஐந்து பேரும் பூவுக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

அப்பா பள்ளி ஆசிரியர். எங்கள் பங்குக் கோயிலில் பாடற்குழுவுக்கும் அவர்தான் தலைவர். சாயங்காலமானால் கூடத்தில் டியூஷன் நடக்கும், மூச்சுவிடக் கூடாது. அதனால் அண்ணனும் நானும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. இயர்போனின் வலதை அண்ணன் தன் காதில் வைத்துக்கொள்வான். அவனுக்கு உதவாத இடதை என் காதில் செருகிவிடுவான்.

முதல் நாள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மந்தைவெளி மேம்பாலத்தில் ரயில் போகிற மாதிரி டிரம்ஸ் தடதடத்தது. அதற்கு மேலே ஒரு ஆணின் குரல் ஏறியது. இதற்கு மேல் போகாது என்று நான் நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை, இன்னும் ஏறியது. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப்போனது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் யாரோ யாரையோ காப்பாற்றப் போகிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

இன்றுவரை நான் அந்தக் குழுவை விடவில்லை. வளர்ந்த பிறகு எத்தனையோ நாகரிகமான பாட்டுகளைக் கேட்டாயிற்று. எல்லாம் தன்னைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு பாடுகின்றன. இவர்களுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. விடியல் என்றால் முழு வானமும் விடிய வேண்டும், போர் என்றால் கடைசிப் போராக இருக்க வேண்டும். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கே போயிருக்கிறேன்.

அந்தக் குழுவில் இரண்டு கிடார். பாட்டு நடுவில் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். ஒன்று வலது காதிலும் மற்றொன்று இடது காதிலும் விழும்படி பதிவு செய்திருந்தார்கள். குரலும் டிரம்ஸும் இரண்டு பக்கமும் கேட்கும். ஆகவே எங்களுக்குள் ஆளுக்குப் பாதிப் பாட்டுதான். இது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் நான் கிடார் வருகிற இடத்தை முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கும்போது அண்ணன் நின்றுவிட்டான்.

"இன்னாடி அது? எனக்கு அப்படி ஒண்ணும் வர்லயே!"

"எனக்கு வருதே ண்ணா."

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த இடம் வந்ததும் பாட்டை நிறுத்தி, "அந்தாண்ட இன்னா வருது?" என்று கேட்பான். இடதை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டால் வலதில் வருவது போய்விடுமாம். நான் வாயால் வாசித்துக் காட்டுவேன். கிடார் என் வாயைவிட வேகமாக ஓடிய இடங்களில் எனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பினேன். அவன் கண்ணை மூடி, வலது காதில் கேட்டதோடு என் குரலைச் சேர்த்துப் பார்க்க முயல்வான். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும், எப்படி இருக்கும் என்று தவித்துக்கொண்டே இருப்பான். வீட்டில் என்னைக் கடைக்கு அனுப்பக்கூட யாரும் நம்பாத காலம் அது. அவன் ஒருவனுக்கு மட்டும் நான் இல்லாமல் முடியாது என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்துபோனது. இருக்கிற ஒரு காதும் போய்விடும் என்று பதறினார். இனி அந்தச் சத்தம் தன் காதில் விழுந்தால், பிளேயரைக் கொண்டுபோய் நொச்சிக்குப்பத்தில் கடலில் வீசிவிடுவதாகச் சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர்.

அந்த வருடம் பங்குத் திருவிழாவின் கடைசி நாள். மைக் செட் பொறுப்பு இளைஞர் குழுவிலிருந்த அண்ணனிடம் வந்தது. சாயங்காலப் பூசைக்கு முன்னால் எல்லாக் குழாய் ஸ்பீக்கரும் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். திருவிழாப் பாட்டுகள் இருந்த பென்டிரைவ் அப்பாவிடம், அப்பா இன்னும் வரவில்லை. கோயில் வளாகத்தில் ஜெபமாலை சொல்ல வந்திருந்த மாதா சபைப் பெண்களைத் தவிர யாருமில்லை. அண்ணன் தன் பிளேயரை வயரில் செருகினான். மெதுவாக ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது திட்டம். ஆம்ப்ளிஃபயரில் யாரோ சத்தத்தை முழுதாகத் திருகி வைத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

பாட்டின் தொடக்கத்தில் ஐம்பது பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு கோரஸ் வரும். அது கோபுரத்துக் குழாயிலிருந்தும், தென்னை மரத்துக் குழாயிலிருந்தும், தெருமுனைக் குழாயிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பியது. மாதா சபைக்குத் தலைவி எங்கள் பெரியம்மா. அவள் சட்டென்று எழுந்து சிலுவை போட்டாள்.

"எழுந்திருங்கடீ! லத்தீன் பூசைப் பாட்டு. எங்க சின்ன வயசுல பாடுவாங்க."

எல்லாரும் எழுந்தார்கள். அதே நேரம் அப்பா வாசலில் நுழைந்தார். சபை எழுந்து நிற்கும்போது பாட்டை நடுவில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. பிஷப் இல்லத்திலிருந்து புதிதாக ஏதாவது பாட்டு அனுப்பிவிட்டார்களோ என்ற சந்தேகமும் வந்திருக்கும். அப்படியே நின்றார். அப்புறம் டிரம்ஸ் இடித்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்த பாட்டு என்று சொல்லிவிட்ட பெரியம்மாவால் இனி உட்கார முடியாது, அவள் உட்காராமல் மற்றவர்களும் உட்கார முடியாது. கைகூப்பியபடி அத்தனை பேரும் முழுப் பாட்டுக்கும் நின்றார்கள்.

கோயில் குழாய்க்கு இடம் வலம் கிடையாது. வருவதையெல்லாம் ஒன்றாகக் கலந்து எல்லாக் குழாயிலும் விடும். நடுவில் அந்த இடம் வந்தபோது என்னுடைய கிடாரோடு இன்னொன்று சேர்ந்து ஓடி வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரண்டும் தோளோடு தோள் உரசி, பிரிந்து, மேலே போய், குரல் காத்துக்கொண்டிருந்த உச்சியில் சேர்ந்தன. அவ்வளவு பெரிய அழகை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வானமே கோயிலாகிவிட்ட மாதிரி இருந்தது.

சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டிய அண்ணன், நீட்டியபடியே நின்றிருந்தான். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. பிளேயர் கடலுக்குப் போகப்போகிறதே என்று அழுகிறான் என நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. அப்பா வேகமாக அவனிடம் வந்தார். அதற்குள் பெரியம்மா, "நல்லாத்தான் கீது. நடுவுல கொஞ்சம் ஸ்பீடா பூட்ச்சி, அடுத்த வாட்டி மெதுவா பாடச் சொல்லு" என்றாள். அப்பா அண்ணன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயரைப் பிடுங்கி, பிளேயரை அவன் சட்டைப் பையில் போட்டு, அவனுடைய வலப்பக்கம் வந்து நின்று, "மூஞ்சியக் கழுவிட்டு வா, பூசைக்கு நேரமாச்சு" என்றார்.

அன்றிரவு எனக்குத்தான் கவலை. அவன் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டான், இனி நான் எதற்கு? மறுநாள் சாயங்காலம் அவன் கூப்பிடுவதற்காக ஏங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வந்தான். எப்போதும் போல இடது இயர்போனை என் காதில் செருகினான். அந்த இடம் வந்ததும் பாட்டை நிறுத்தினான்.

"அந்தாண்ட இன்னா வருது?"

"நேத்துதான் முழுசா கேட்டியே ண்ணா?"

"மறந்துட்டேன்டி. நீ பாடு."

கல்லூரியில் படிக்கிறவன், இவ்வளவு பெரிய பாட்டை ஒரே நாளில் மறந்துவிட்டானே என்று எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இந்தத் தடவையாவது மறக்காமல் இருக்கட்டும் என்று நன்றாக நிறுத்தி நிறுத்திப் பாடிக் காட்டினேன்.