ஊரைக் கேட்ட ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவர் கணவர் அந்தோணி அண்ணன் பழங்காநத்தத்திலிருந்து போனில் சொன்னபோது, நான் விளாங்குடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அடக்கம் முடிந்த ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அவருடைய உழைப்பையும் புதைத்துவிட்டார்கள். அதனால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா மிஷன் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில், விடுமுறை நாட்களில் நாங்கள் சிலர் மேலூர்ப் பக்கத்துப் பாதைகளைக் குறித்துவந்தோம். ஒருநாள், கைவிடப்பட்ட கிரானைட் குழி ஒன்றின் விளிம்பில் அக்காவின் ஸ்கூட்டர் நூலிழையில் தப்பி நின்றது. "வேலி இல்ல, போர்டு இல்ல. மேப்புலயாவது இருக்கட்டும் தம்பி" என்றார். அன்றிலிருந்து குழிகளைக் குறிப்பது அவர் வேலையாயிற்று. ஊர்க்காரர்களிடம் வழியும் பெயரும் கேட்டுத்தான் எதையும் பதிவார். பள்ளி வேன்காரர்கள் அதைப் பார்த்து ஓட்டினார்கள்.

பிறகு வரைபடத்தை நடத்துகிறவர்கள், அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்கிற உரிமத்தை மாற்றினார்கள். பழைய பங்களிப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு கெடுவுக்குள் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும், அழுத்தாதவர்கள் சேர்த்ததெல்லாம் நீக்கப்படும் என்றார்கள். நாங்கள் படிக்காமலே அழுத்தினோம். அக்கா அழுத்தவில்லை.

"சொன்னது பூராம் ஊர்க்காரங்க. அவுகளக் கேக்காம நான் எப்படிச் சம்மதிக்கிறது?"

"ஒரு பட்டன அமுக்க இம்புட்டு அலைச்சலாக்கா?"

"நீ அமுக்கிட்டேல்ல, பேசாம இரு. நான் கேட்டுட்டு வாரேன்."

ஊர் ஊராகப் போய்க் கேட்டார். எல்லாரும் சரி என்றார்கள். ஒரே ஓர் ஊர் பாக்கியிருந்தபோது போய்விட்டார். கெடுவும் முடிந்தது.

அக்கா குறித்ததை நீக்க வேண்டாம் என்று நான் அவர்களுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது: 'மறைவுக்கு வருந்துகிறோம். சம்மதம் பெறப்படாததால் தரவுகள் நீக்கப்பட்டன.' ஒரே மூச்சில் இரண்டும்! செத்தவர் எப்படி ஐயா பட்டன் அழுத்துவார்? கணவரின் சம்மதம் செல்லாதாம். ஊரையே கேட்டவர் குறித்தது போயிற்று, யாரையும் கேட்காத எங்கள் கிறுக்கல் பத்திரமாக இருக்கிறது.

நேற்று அந்தப் பாக்கி ஊருக்குப் போய், அக்கா கேட்க இருந்ததை டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அந்தம்மா குறிச்சது எங்க பிள்ளைகளுக்காகத்தானண்ணே? இதுக்கெதுக்குச் சம்மதம்?" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் வரைபடத்தைப் பார்த்தபடி ஒருவர் ஓட்டிவந்த பள்ளி வேன் ஊரை ஒட்டிய குழிப் பக்கம் திரும்பியது. நான் ஓடிப்போய்ப் பாதையின் குறுக்கே கைகளை விரித்து நின்றேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "மேப்புல ஒண்ணும் இல்லையேண்ணே" என்றார்.

போய் வாருங்கள், அக்கா. குழிகள் மறுபடி வரைபடத்தில் ஏறும்வரை, கை வலித்தாலும் நிற்கிறோம்.