அம்மாவுக்குப் பார்த்து வாங்கிய மெத்தை

அறுபதுகளில் அண்ணனுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தபோதுதான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று தனியாக ஓர் அறை அமைந்தது. அதுவரை தேக்காவில், ஒரு கடைவீட்டின் மாடியில் பலகையால் தடுத்த ஓர் அறையில்தான் மொத்தக் குடும்பமும் இருந்தது. அப்பா கீழே, கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் கேன்வாஸ் கட்டிலை விரித்துப் படுப்பார். அம்மா மாடியில் பிள்ளைகளோடு பாயில் படுப்பாள். அந்தத் தெருவில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன. நான் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும், அண்ணி வந்த பிறகும் அதே ஏற்பாடுதான்.

புது வீட்டுக்குப் போவதற்குள் அம்மாவின் முதுகு போய்விட்டது. மாடிக்குப் பொதுவான குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பு முன்பே தேய்ந்திருக்கிறது, இனிமேல் தரையில் படுக்கவே கூடாது, கட்டிலும் கெட்டியான மெத்தையும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க அம்மா படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஒருக்களித்து, கையை ஊன்றி, முட்டி போட்டு, சுவர் வரைக்கும் தவழ்ந்து போய்ப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். நிமிர்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். "எல்லாருக்கும் வர்றதுதான், போடி," என்பாள்.

மெத்தை வாங்க ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனர் கடைக்குப் போனோம். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். "கடையில போயி நாலு ஆம்பளைங்க முன்னாடி மல்லாந்து படுக்கச் சொல்றியா? நீயும் அப்பாவும் பாத்து எடுத்துட்டு வாங்க." ஆக, முதுகு வலிக்காரி வீட்டில் இருக்க, அப்பாவும் நானும் கிளம்பினோம். அப்பாவுக்கு வேறு இழுப்பு. இலவம்பஞ்சுத் தூசி மூக்கில் ஏறினால் அன்றைக்குத் தொலைந்தார். அவளுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், இவருக்குத் தூசி இருக்கக் கூடாது, இரண்டு பேரையும் பல வருடம் தாங்கவும் வேண்டும்.

கடைக்காரர் முதலில் ஸ்பிரிங் மெத்தையைக் காட்டினார். புதுசாக வந்தது, வெள்ளைக்காரன் வீட்டில் எல்லாம் இதுதான் என்று மலாயில் அளந்தார். நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். அவர் தன் பெரிய உடம்போடு மறுபக்கம் உட்கார்ந்தார். நான் சரிந்து அவர் பக்கமாகப் போக, அப்பா சிரித்துவிட்டார். "இது வேணாம் புள்ள. நான் திரும்பிப் படுத்தா ஒங்கம்மா உருண்டு வந்துடுவா, அவ முதுகுக்கு ஆகாது," என்றார். அடுத்தது காபோக். இலவம்பஞ்சுக்கு அங்கே அதுதான் பேர். அதைத் தட்டியதுமே அப்பா இருமினார்.

கடைசியில் தேங்காய் நார் மெத்தை. நாரை அழுத்திக் கெட்டியாக்கி, மேலே மெல்லிசாகப் பஞ்சு வைத்து, தடித்த துணியால் தைத்திருந்தார்கள். "கெராஸ், கெராஸ்," கெட்டி கெட்டி என்று கடைக்காரர் முஷ்டியால் குத்திக் காட்டினார். நான் வெட்கத்தை விட்டுவிட்டு அதில் படுத்துப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்த என்னை அப்பா திரும்பச் சொன்னார். "எடது பக்கமா படு. அவ அப்படித்தான் படுப்பா. காலக் கொஞ்சம் மடக்கிக்க." நான் திரும்பினேன். இத்தனை வருடம் கீழே நடைபாதையில் படுத்த மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை விட்டுப் பார், இடைவெளி இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அதையே எடுத்தோம்.

கட்டிலில் அதைப் போட்டதும் அம்மா வாசலிலேயே நின்றாள். மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற வீட்டில் இந்த வயதில் ஒரே மெத்தையா என்று கூச்சம். கதவைச் சாத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் படுத்தாள். அடுத்த முறை நான் போனபோது, காய் நறுக்கிக்கொண்டே, "நல்லாத் தூங்கினேன்டி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் தவழாமல் எழுந்து நடப்பதைப் பார்த்து நான் சமையலறையில் நின்று அழுதேன்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. மறுவருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சுத் திணறி, காலில் நீர் கோத்துக்கொண்டது. இதயம் பலவீனமாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டேன். செம்பவாங்கிலிருந்து அத்தையும் வந்து இறங்கினார். அப்பாவுக்கு அக்கா. எங்கள் சொந்தத்தில் நல்லது கெட்டது எதுவும் அவர் இல்லாமல் நடக்காது.

ஒரு காலையில் அம்மாவுக்கு நினைவு தப்பியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அத்தை மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கீழ இறக்கிடணும்," என்றார். பஞ்சு மெத்தையில் உயிர் பிரிந்தால் போகிற ஆத்மா போக முடியாமல் அதிலேயே சிக்கிக்கொள்ளும், அந்த வீட்டுக்கு ஆகாது என்பது எங்களிடம் உள்ள நம்பிக்கை. கடைசி மூச்சு தரையில்தான் போக வேண்டும். "அத்தை, அது தேங்கா நாரு," என்றேன். "மேல பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கில்ல? பேசாம இரு," என்றார்.

அப்பா கட்டிலை விட்டு விலகி வழி விட்டார். அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் அம்மாவைத் தூக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் பாயை விரித்து, தெற்கே தலை வைத்துப் படுக்கவைத்தார்கள். அத்தை துளசித் தண்ணீர் விட்டார். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். சொல்லியனுப்ப வேண்டியவர்களுக்குச் சொல்லியனுப்பினோம். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா கண் திறந்தாள்.

என்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கையை வீசித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன்டி கீழ கெடக்கேன்? முதுகு வலிக்குது. மேல ஏத்துங்க," என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். அத்தை குறுக்கே வந்தார். தரையில் இறக்கிய ஆளை மறுபடி ஏற்றக் கூடாதாம். ஏற்றினால் எமன் வெறுங்கையோடு திரும்ப மாட்டானாம், வீட்டிலிருந்து இன்னொருவரைக் கேட்பானாம்.

எனக்கு வந்த கோபத்தில் அத்தையை என்னென்னவோ பேசினேன். இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை. "அண்ணே, நீங்க பிடிங்க, நான் காலப் பிடிக்கிறேன்," என்றேன். அண்ணன் படித்தவர், அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். தன் பிள்ளைகளைப் பார்த்தார். கடைசிக் குழந்தைக்கு அந்த வாரம்தான் அம்மை போட்டு இறங்கியிருந்தது. "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். அப்பாவிடம் போனேன். "நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா கேப்பாங்க." அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். "அக்கா சொல்றாங்க," என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நானே தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. என் கையில் அம்மா முனகினாள், விட்டுவிட்டேன்.

நாங்கள் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. என் கையைப் பிடித்து, "விடுடி. அவனுக்குப் பச்சப்புள்ளைங்க இருக்கு. எனக்குத் தரையே போதும்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஏற்றச் சொல்லவே இல்லை. ஆனால் உடனே போகவும் இல்லை. போர்வைகளை மடித்து முதுகுக்குக் கீழே வைத்தேன். அதற்கும் அத்தையிடம் சண்டைதான். ஈரம் படாமல் துடைத்துப் புரட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். பக்கத்திலேயே கட்டில், அதன் மேல் விரிப்புக் கலையாமல் மெத்தை. வந்து பார்க்கிறவர்கள் இடமில்லை என்று அதன் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவை விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அப்பா கட்டிலில் படுக்கவில்லை. கீழே இறங்கி அவள் பக்கத்தில் வெறும் சிமெண்டில் படுத்தார். தரைக் குளிர் பட்டு அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. "ஏங்க, மேல போயிப் படுங்க," என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அசையவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. இந்த முறை அவள் கூச்சப்படவில்லை.

அம்மா ஒரு மத்தியானம், அப்பா தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த நேரத்தில் போய்விட்டாள். இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கப் பார்த்திருக்கிறாள், பாதி திரும்பியிருந்தாள்.

கருமாதி முடிந்து வீடு கழுவிவிட்ட அன்று அத்தை அறைக்குள் வந்து மெத்தையைத் தட்டிப் பார்த்தார். "நல்லவேளை, அன்னைக்கே இறக்கிட்டோம். இல்லைன்னா இதையும் தூக்கிப் போட்டிருக்கணும். புதுசு மாதிரி இருக்கு," என்றார். வந்திருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அண்ணன் அப்பாவிடம் போய், "மேல படுத்துக்குங்கப்பா, ஒங்க இழுப்புக்குத் தரை ஆகாது," என்றார்.

"அவ கேட்டப்ப ஏத்தல. நான் எப்படி ஏறுவேன்," என்றார் அப்பா.

அண்ணன் ரொம்ப நேரம் கெஞ்சினார். பிறகு மெத்தையை மட்டும் பிள்ளைகள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே அது நன்றாக உழைத்தது, கடைசிவரை குழி விழவில்லை. அப்பா அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்தார், இழுப்போடு, மழைக்காலத்தில் இருமிக்கொண்டே. நான் போகும்போதெல்லாம் ஒரு விரிப்பாவது கூடப் போடுவேன். மறுமுறை போனால் அது மடித்து மூலையில் இருக்கும். ஒரு நாள் காலையில் அண்ணி காப்பி கொண்டுபோனபோது அவர் எழுந்திருக்கவில்லை. அத்தை வந்தார், வழக்கம்போல முதலில் கட்டிலைப் பார்த்தார். அப்பாவைக் கீழே இறக்கும் வேலை யாருக்கும் இருக்கவில்லை.