விழுந்த கையும் ரத்தம் சொன்ன எண்ணும்

ரத்தம் எடுக்கிற தொழிலில் நம்மைக் கண்டு முகம் மலர்கிறவர் யாருமில்லை. ஊசிப்பையோடு தோட்டத் தொழிலாளரின் வீட்டு வரிசைகளில், லயம் லயமாக ஏறி இறங்கும் நண்பர்களுக்கு இது தெரியும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்தவர்கள் எவ்வளவு தேறுவார்கள் என்பதை அவர்களுடைய ரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று ஒரு டாக்டர் அம்மா ஆராய்கிறார். அவருக்காக மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ரத்தம் எடுப்பவன் நான்.

வெறும் வயிறு

மரியதாஸ் அண்ணன் தேயிலைச் செடிகளின் தலையைக் கத்தியால் சீவிக் கவ்வாத்து வெட்டுகிறவர். பாரிசவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அது மறுபடி கத்தி பிடிக்குமா என்பதுதான் வீட்டில் ஒரே கவலை.

வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் அண்ணன் இடது கையால் பால் கலக்காத சாயத்தண்ணி குடிக்கிறார். மனைவி பிலோமினா அக்கா ஒவ்வொரு மிடறுக்கும் அவர் வாயில் சீனி போடுகிறார். "ஒண்ணும் சாப்பிடலையே" என்று இருவரும் சாதித்தார்கள். நான் கோப்பையைக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு.

"தேத்தண்ணியும் சாப்பாடுன்னா, நாங்க எல்லாம் ஆனை கணக்காவுல்ல இருக்கணும் தம்பி!"

எந்தக் கை

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அண்ணன் விழுந்த கையைத் தூக்கி என் முன்னால் வைத்தார். சும்மா கிடக்கிற கைதானே, அதில் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறார். அதில் எடுக்கக்கூடாது அண்ணே, மற்றதை நீட்டுங்கள் என்றேன். பெருமூச்சு விட்டு நீட்டினார்.

"பாத்தியா பிலோமி, ஒழைக்கிறவன்கிட்டத்தான் எல்லாரும் எடுப்பாங்க."

என் வாய்

முடிவு வந்தது. அக்கா கேட்டார், நானும் சொல்லிவிட்டேன்: ரத்தத்தில் ஒரு எண் கூடுதலாக இருக்கிறது, இப்படி இருந்தால் தேறுவது கொஞ்சம் கஷ்டமாம்.

அடுத்த வாரம் போனபோது, அண்ணன் பிடித்துப் பழகிய ரப்பர் பந்து அலமாரி மேல் கிடந்தது. பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு சொன்னால் சொன்னதுதான். அதோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்? என் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் அம்மாவிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தமே போடவில்லை.

"கனபேரைப் பாத்துப் பொதுவாச் சொல்லுற விஷயத்தை ஒராளின்ர தலையில கட்டிப்போட்டு வந்திட்டீர். போய் அவிட்டுவிடும்."

மூன்றாம் மாதம்

போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த எண் தராசு இல்லை, மழை வரலாம் என்று சொல்வது போலத்தான் என்றேன்.  அக்கா ஸ்டூல் போட்டு ஏறிப் பந்தை எடுத்தார். அதன்பின் போகும்போதெல்லாம் அண்ணன் பந்தை எத்தனை தடவை அமுக்குகிறார் என்று நானும் உட்கார்ந்து எண்ணுவேன்.

மூன்றாம் மாத ரத்தத்துக்குப் போன அன்று அக்கா மாதா படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றினார். அண்ணனின் வலது கை நடுங்கிக்கொண்டு நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு இறங்கியது, இரண்டு தோளையும் தொட்டது. கத்தி பிடிக்க இன்னும் நாளாகும். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் மறைத்தது. அண்ணன்தான் முதலில் தெளிந்தார்.

"சாமி கும்புட வந்துருச்சு தம்பி. தோட்டத்துத் தொரைக்குச் சலாம் போட மட்டும் வராதுன்னு எழுதிக்கிங்க."

குத்தியதும் நான், கலங்கடித்ததும் நான்; இருந்தும் அண்ணனைத் தேற்றிய புண்ணியவான் நான்தான் என்று அக்கா லயமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், நானும் மறுக்கவில்லை.