உருகிப்போன குறை

விமானப் பணிமனையில் அவளுக்குக் குழாயம்மா என்று பெயர். தண்ணீர்க் குழாய் இல்லை. விமானத்தின் மூக்கோரம் சின்னதாக மூன்று குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்குமே, எதிர்காற்றை வாங்கி வேகத்தைச் சொல்லுமே, அதுகள். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. பனி அடைக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சூடேற்றி உண்டு. சேர்ந்த முதல் வாரமே அது சுடுகிறதா என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தவள் அவள். தழும்பு இன்னும் இருக்கிறது. பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள் என்று பேர் வாங்கியதும் அன்றைக்குத்தான்.

அந்தப் பேருக்கு ஒரு மத்தியானம் சோதனை வந்தது. இறங்கி நின்ற விமானத்தின் குறிப்பேட்டில் விமானி எழுதியிருந்தார்: முப்பத்தேழாயிரம் அடியில், ஒரு பெரிய இடிமேகத்தின் பக்கமாகப் போகையில், காட்டிய வேகம் திடீரென்று பாதிக்கு விழுந்தது. தானாக ஓட்டும் கருவி கைவிட்டது. நாற்பது வினாடியில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அவ்வளவு உயரத்தில் மழை ஏது? மேகம் தூக்கிப்போடும் பனித்தூள்தான், சலித்த மாவு மாதிரி. ராடாருக்குக்கூடச் சரியாகத் தெரியாது. இறக்கையில் ஒட்டாமல் பறந்துவிடும். சூடான குழாய்க்குள் போனால் மட்டும் அரைகுறையாக உருகி அப்பிக்கொள்ளும். சூடேற்றி ஈடுகொடுக்க முடியாமல் திணறும். வேகம் தெரியாத விமானி பதறி மூக்கை ஒரேயடியாகத் தூக்கினால் போச்சு. ஆனால் கீழே வந்து சேர்வதற்குள் எல்லாம் உருகிப் போயிருக்கும். சாட்சிக்கு ஒரு சொட்டு மிஞ்சாது.

வழக்கப்படி அவள் ஏணி போட்டு ஏறி, கொதிக்கிற வெயிலில் சூடேற்றியைச் சோதித்தாள். நன்றாகவே சுட்டது. 'சோதித்தேன், குறை இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தவளுக்கு என்னவோ உறுத்தியது. பழைய பக்கங்களைப் புரட்டினாள். இதே விமானம், இதே புகார், ஒன்பது தடவை. ஒன்பதுக்கும் கீழே 'குறை இல்லை'. ஒன்பதும் அவள் கையெழுத்து.

அவளுக்கு வந்த கோபம் முதலில் அவள் மேலேதான். வானத்தில் நடந்த கூத்துக்கு வெயிலில் நின்று தீர்ப்பு எழுதியிருக்கிறாளே, இந்தக் கண்துடைப்புக்கு ஒரு ஏணி வேறு! அடுத்த கோபம் அலுவலகத்தின் மேல். இன்னும் பலமான சூடேற்றி வைத்த புதுக் குழாய்கள் கிடங்கில் மூன்று மாதமாகத் தூங்குகின்றன. பெரிய பராமரிப்பு வரும்போது மாற்றினால் போதுமாம்.

ஷிப்டு மேலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஒன்பது பக்கத்தையும் அவன் மேசையில் விரித்தாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் நூற்றெண்பது பேர் ஏறப்போகிறார்கள் என்றான் அவன். மேலே எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும், சோதனையில் குறை இல்லையென்றால் இல்லைதானே என்று சப்பைக்கட்டு கட்டினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பத்தாவதா ஒரு பொய்க்கு என்கிட்ட மை இல்ல, அண்ணா."

விடுவிடுவென்று வெளியே வந்தாள். சந்தேகம் வந்தால் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு விதி இருந்தது. ஒரு பயலும் அதைத் தொட்டதில்லை, ஏனென்றால் கழற்றியது திரும்பி வரப் பத்து நாள் ஆகும். மூன்று குழாய்களையும் கழற்றி, மூன்றிலும் சிவப்பு அட்டை கட்டி அனுப்பிவிட்டாள். பழைய வகை கிடங்கில் ஒன்றுகூட இல்லை. இனி அந்த விமானம் கிளம்பவேண்டுமானால் புதுசைப் பூட்டியே ஆகவேண்டும்.

அண்ணன் ஓடிவந்து மூக்கோரம் இருந்த மூன்று ஓட்டைகளையும் பார்த்தான். அம்மா வயிற்றில் எனக்கென்றே வந்து பிறந்தாயா என்று கத்தினான். கத்திக்கொண்டேதான் கிடங்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டான். நான்கு மணி நேரம் தாமதமாக, புதுக் குழாய்களோடு விமானம் போனது.

மறுநாள் காலையில் அவள் கையில் தற்காலிக நீக்க உத்தரவைக் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. 'குறையில்லாத பாகங்களைக் கழற்றித் தாமதம் உண்டாக்கியதற்காக' என்று இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கீழே கையெழுத்துப் போடவேண்டும்.

அவள் பேனாவை எடுத்து 'குறையில்லாத' என்ற சொல்லைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தாள். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"பழைய குழாயோட பறக்கிற மத்த பதினோரு விமானத்துக்கும் இனிமே நீதான் ஏணி ஏறணும்," என்றாள். "ஏறுறப்போ வானத்தையும் கொஞ்சம் பாரு."

வேறு உத்தரவு அச்சடித்துத் தர அவனுக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அவள் அடித்துக் கொடுத்த காகிதத்தையே அவன் மடித்து, உறையில் போட்டு, மேலதிகாரிகளுக்கு அனுப்பினான்.